ஏஆர்-3ஏ வூஃபர்: பழையதைச் சீர்செய்வதா, 8 ஓம் வூஃபரை மாட்டுவதா?

அமெரிக்காவின் அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனம் 1967இல் வெளியிட்ட ஏஆர்-3ஏ ஸ்பீக்கரை இன்றும் வைத்திருப்பவர்களில் பலருக்கு இந்தக் கேள்வி எழுகிறது. துணி விளிம்புடன் வந்த தொடக்ககால வூஃபர்கள் (தாழ்ந்த ஒலிகளைத் தரும் பெரிய அலகுகள்) பெரும்பாலும் தாக்குப்பிடித்துவிட்டன. பின்னாளில் ஃபோம் விளிம்புடன் வந்தவற்றில் அந்த ஃபோம் தொட்டாலே உதிர்கிறது. அதே வூஃபருக்குப் புதிய ஃபோம் ஒட்டுவதா, 12 அங்குல அளவில் கடையில் கிடைக்கும் வேறொன்றை வாங்கி மாட்டுவதா? நான் பழையதையே சீர்செய்தேன், ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும்.

ஃபோம் வளையம் விலை குறைவு, வேலை அதிகம். புதிய வூஃபர் விலை அதிகம், வேலை குறைவு. விற்கும் எண்ணம் இருந்தால், அசல் வூஃபர் உள்ள ஜோடிக்கே மதிப்பு. இவையெல்லாம் எல்லோரும் அறிந்தவைதான். முடிவைத் தீர்மானிப்பது இம்பீடன்ஸ், அதாவது ஓமில் அளக்கப்படும் மின் எதிர்ப்பு.

ஏஆர்-3ஏ ஒரு 4 ஓம் ஸ்பீக்கர். கடையில் எளிதாகக் கிடைக்கும் 12 அங்குல வூஃபர்களோ பெரும்பாலும் 8 ஓம். ஆம்ப்ளிஃபயரை மட்டும் பார்த்தால் இது நன்மையாகவே தெரியும், ஏனெனில் 4 ஓம் சுமையில் சூடேறித் திணறும் ஆம்ப்ளிஃபயருக்கு 8 ஓம் இளைப்பாறல்தான். மாற்று வூஃபருக்கு ஆதரவாக நான் மனமார ஒப்புக்கொள்ளும் வாதமும் இது ஒன்றே. ஆனால் ஆம்ப்ளிஃபயருக்கும் வூஃபருக்கும் இடையில், ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவர் இருக்கிறது, அதன் காயிலும் (கம்பிச் சுருள்) கெப்பாசிட்டரும் குறிப்பிட்ட ஒரு சுமையை எதிர்பார்த்தே தேர்ந்தெடுக்கப்பட்டவை. ஒரு மில்லிஹென்றி காயில் மட்டுமே உள்ள எளிய சுற்றில் 4 ஓம் வூஃபர் சுமார் 637 ஹெர்ட்ஸில் இறங்கத் தொடங்கும் என்றால், அதே இடத்தில் 8 ஓம் வூஃபர் சுமார் 1,273 ஹெர்ட்ஸ் வரை பாடிக்கொண்டிருக்கும். உச்ச ஒலிகளைத் தரும் ட்வீட்டர் பக்கத்தில், தொடராக அமைந்த கெப்பாசிட்டருடன், இது தலைகீழாகும்: ஓம் இரட்டித்தால் வெட்டும் அதிர்வெண் பாதியாகி, ட்வீட்டருக்குத் தாங்க முடியாத கீழ்ச்சுரங்கள் போய்ச் சேரும்.

ஏஆர்-3ஏயின் வூஃபர் சுற்றில் காயிலோடு ஒரு கெப்பாசிட்டரும் இருப்பதால் கோளாறு வேறு வடிவம் எடுக்கிறது. இத்தகைய சுற்றில் சுமை இரட்டித்தால் வெட்டும் அதிர்வெண் அப்படியே நிற்கும். அந்த இடத்தில் 3 டெசிபல் தாழ்ந்திருக்க வேண்டிய ஒலி, கணக்கின்படி, 3 டெசிபல் உயர்ந்து நிற்கும். நடு ஒலிகளைத் தரும் மிட்ரேஞ்சிடம் வூஃபர் ஒலியை ஒப்படைக்கும் இடம் 575 ஹெர்ட்ஸ் என்று நிறுவனம் குறித்திருப்பதால், அந்த மேடு பாடகரின் குரலிலேயே வந்து விழக்கூடும். இதற்கு மேல், ஒரே மின்னழுத்தத்தில் 8 ஓம் வூஃபர் பாதி வாட்டையே வாங்கும் என்பதால், மற்ற திறன்கள் சமமாக இருந்தாலும் பேஸ் 3 டெசிபல் குறையும். பின்புறத்து இரண்டு கட்டுப்பாட்டுக் குமிழ்களால் மிட்ரேஞ்சையும் ட்வீட்டரையும் இறக்கி அதை ஈடுகட்டலாம் (அவை களிம்பேறிக் கரகரக்காமல் இருந்தால்), ஆனால் குரலில் விழுந்த மேட்டை எந்தக் குமிழும் சமன்செய்யாது.

8 ஓம் வூஃபருக்கு இணையாக 8 ஓம் ரெசிஸ்டரை இணைத்தால் 4 ஓம் ஆகிவிடுமே என்பார்கள். கிராஸ்ஓவருக்குச் சுமை ஏறத்தாழச் சரியாகும்; ஆனால் வாட்டில் பாதி ரெசிஸ்டரில் வெப்பமாகப் போகும், குறைந்த 3 டெசிபலும் திரும்பி வராது. 4 ஓம் வூஃபரைத் தொடர் ரெசிஸ்டரால் 8 ஓமாகக் காட்டும் எதிர்வழி இன்னும் மோசமானது, ஏனெனில் கோனை (அசைந்து ஒலி எழுப்பும் கூம்பை) அடக்கிப் பிடிக்கும் ஆம்ப்ளிஃபயரின் கட்டுப்பாடு தளர்ந்து பேஸ் கொழகொழவென்று ஆகிவிடும். ட்வீட்டருக்கு மட்டும் இத்தகைய ரெசிஸ்டர் வேலைகள் ஓரளவு பொருந்தும்.

இன்னொன்று: இது காற்றுப் புகாத மூடிய பெட்டி, உள்ளே அடைபட்ட காற்றே கோனுக்கு வில்லாக வேலை செய்வதால், கோன் மிக இளக்கமாகத் தொங்க வேண்டும். விறைப்பான விளிம்பு கொண்ட மேடை வூஃபர் ஓமில் பொருந்தினாலும் இந்தப் பெட்டியில் அந்த ஆழத்துக்கு இறங்காது.

சீர்செய்வதில் பொறுமை வேண்டியது இரண்டு இடங்களில்தான். பழைய பசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு முழுவதும் எடுக்க வேண்டும். புதிய ஃபோமை ஒட்டும்போது, 30 ஹெர்ட்ஸ் அளவில் ஒரு மெல்லிய ஒலியை ஓடவிட்டு, கோனோடு சேர்ந்து அசையும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் எங்கும் உரசாத நடுநிலையைக் கண்டுபிடித்துப் பசை இறுகும்வரை விட்டுவிட வேண்டும். வாங்கும் ஃபோமும் அந்த வூஃபருக்கென்றே இளக்கமாகச் செய்ததாக இருக்க வேண்டும். பொதுவான 12 அங்குல வளையம் போதாது.

வாய்ஸ் காயிலே கருகியிருந்தால் என் சாய்வு அவ்வளவு உறுதியானதல்ல, நான் செய்தது ஃபோம் வேலை மட்டுமே. அப்போதும் கோனையும் காயிலையும் மாற்றுபவரிடம் கொடுக்குமுன் ஜோடியில் நல்ல நிலையிலுள்ள மற்ற வூஃபரை மல்டிமீட்டரில் அளந்து, அதே எண்ணைக் கேட்பது நல்லது. மீட்டர் காட்டுவது நேர்மின் தடை என்பதால் 4 ஓம் வூஃபரில் அது 4க்குக் கீழேயே இருக்கும்; மீட்டரில் 6 அல்லது 7 காட்டினால் திரும்பி வந்திருப்பது 8 ஓம் காயில்.