குட்டிப் பாம்பைப் பழக்குவது: தினமும் தூக்குவதா, தானாக வரட்டும் என்று விடுவதா?

வீட்டில் வளர்க்க வாங்கிய விஷமற்ற குட்டிப் பாம்பு, பெட்டியின் மூடியைத் திறந்தாலே கழுத்தை மடித்துக்கொண்டு சீறுகிறது, கை நீட்டினால் பாய்கிறது. இப்படிப்பட்ட குட்டியைப் பழக்க இரண்டு வழி சொல்வார்கள். தினமும் எடுத்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருப்பது ஒன்று. பெட்டிக்குள் கையை வைத்துவிட்டு, அதுவாக வரட்டும் என்று காத்திருப்பது இன்னொன்று.

இரு கட்சிக்கும் ஒத்துப்போகும் விஷயங்களும் உண்டு. வந்த முதல் வாரம் தொடக் கூடாது. ஒன்றிரண்டு முறை ஒழுங்காக இரை எடுக்கட்டும். இரை தின்று 48 மணி நேரத்துக்குள் தூக்கினால் கக்கிவிடக்கூடும். சட்டை உரிக்கும் முன் கண் நீலம் பாரித்திருக்கும் நாட்களில் பார்வை மங்கலாக இருக்கும், அப்போதும் விட்டுவிட வேண்டும்.

தினமும் தூக்கினால் பலன் சீக்கிரம் தெரியும். கார்ன் பாம்பு (corn snake) என்ற மெலிந்த வளர்ப்புப் பாம்பின் குட்டிக்கு இது பெரும்பாலும் ஒத்துவரும். முதலில் வாலை நடுக்கும், நாற்றத்தைப் பீய்ச்சும், ஓடப் பார்க்கும். ஒரு கையிலிருந்து மறு கைக்கு ஊர விட்டுக்கொண்டே இருந்தால் கொஞ்ச நேரத்தில் வேகம் குறையும். பால் பைத்தான் (ball python) என்ற சிறிய மலைப்பாம்பின் கதை வேறு. பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்தாகச் சுருண்டுவிடும். 'எவ்வளவு சாது பாருங்கள்' என்று படம் எடுத்துப் போடுகிறார்கள், எனக்கு எரிச்சலாக வரும். பயத்தின் உச்சத்தில் அது செய்வதே அதுதான். நாக்கைப் பாருங்கள். பயம் தெளிந்த பாம்பு நாக்கை நிதானமாக நீட்டி விரலை மோப்பம் பிடிக்கும், உடம்பு தளர்ந்து கைமேல் வழியும். நாக்கே வெளியே வராமல் உடம்பு இறுகியிருந்தால் அன்றைக்குத் தூக்கியது வீண். அதையே தினமும் தொடர்ந்தால் பால் பைத்தான் இரையையும் மறுக்க ஆரம்பிக்கலாம்.

காத்திருக்கும் வழியில் இந்தச் சிக்கல் இல்லை. நாக்கு அள்ளிவரும் வாசனையை மேலண்ணத்தில் உள்ள ஜேக்கப்சன் உறுப்பு படிக்கிறது. அதனால் நீங்கள் உடுத்திய துணித்துண்டு ஒன்றைப் பெட்டிக்குள் போட்டால் உங்கள் வாசனை அதற்குப் பழக்கமாகும். கையைப் பக்கவாட்டில் கொண்டுபோங்கள். மேலிருந்து இறங்கும் கை குட்டிக்குப் பருந்துதான். அப்புறம், கையைக் கழுவாமல் வைக்காதீர்கள். பால் பைத்தானின் உதட்டோரக் குழிகள் வெப்பத்தை உணரும். எலி வாசனையோடு வெதுவெதுப்பாக ஒன்று அசையாமல் இருந்தால் அதை இரை என்றுதான் நினைக்கும். இந்த வழியின் உண்மையான குறை வேறு: தனக்கிருக்கும் பயத்தைப் பொறுமை என்று சொல்லி மாதக்கணக்கில் தள்ளிப்போட வசதியாக இருக்கிறது.

கையுறை வேண்டாம். தடித்த துணிக்குள் பிடியின் அழுத்தம் தெரியாது, உங்கள் வாசனையும் போய்ச் சேராது. சிறு கொக்கி நல்லது. எடுக்கும் முன் உடம்பில் லேசாகத் தொட்டால், வருவது இரை இல்லை என்று நாளடைவில் புரிந்துகொள்ளும்.

என் ஓட்டு: தொடாமல் விடும் அந்த முதல் வாரம் கழிந்ததும் இரண்டு வாரம் காத்திருக்கும் வழி. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், ஐந்து நிமிடம், உடம்பு முழுவதும் தாங்கலோடு. பாய்ந்த உடனே பெட்டிக்குள் விட்டால், பாய்ந்தால் தப்பிக்கலாம் என்று பழகிவிடும், அடங்கியதும் விடுங்கள். கடித்துக்கொண்டு தொங்கினால் கையை வெடுக்கென இழுக்காதீர்கள். பல் பின்னோக்கி வளைந்திருக்கும், இழுத்தால் அதன் பல்தான் உடையும். உங்களுக்கு ஊசி குத்திய அளவு ரத்தம்தான் வரும்; சோப்புப் போட்டுக் கழுவினால் சரி.