சோயாவா, நிலக்கடலையா, தட்டப்பயறா: தண்ணி இல்லாதப்ப எதோட வேர் முடிச்சு நிக்கும்?

வறட்சிய தாங்குற பயறு எதுன்னு கேட்டா எல்லாரும் தட்டப்பயறு, துவரை, கொள்ளுன்னு வரிசையா சொல்லிருவாங்க. அது சரிதான், செடி தாங்கும். ஆனா செடி தாங்குறது வேற, வேர்ல இருக்குற முடிச்சு தாங்குறது வேற. இந்த ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கறதாலதான் செடி பச்சையாத்தானே நின்னுச்சு, மகசூல் ஏன் எறங்குச்சு, அடுத்த பயிருக்கு மண்ணுல தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், ஏன் மிஞ்சலன்னு பின்னாடி முழிக்க வேண்டியிருக்கு. அதனால இங்க நான் முடிச்ச வச்சுத்தான் ஒப்பிடப் போறேன்.

மொதல்ல உள்ள என்ன நடக்குதுன்னு பாத்துருவோம். முடிச்சுக்குள்ள இருக்குற ரைசோபியம்ங்கற பாக்டீரியா காத்துல இருக்குற நைட்ரஜன அம்மோனியாவா மாத்துது. ஒரு நைட்ரஜன் மூலக்கூறுக்குக் கொறஞ்சது 16 ஏடிபி (செல்லுக்குள்ள ஆற்றல சுமக்குற மூலக்கூறு) செலவாகும், அதுக்கான எரிபொருள் மொத்தமும் இலையில இருந்து சர்க்கரையா எறங்கி வரணும். இந்த வேலைய செய்யுற நைட்ரஜனேஸ்ங்கற நொதிக்கு ஆக்சிஜன் பட்டாலே ஆகாது, ஆனா பாக்டீரியா மூச்சு விட ஆக்சிஜன் வேணும். ரெண்டையும் சமாளிக்கத்தான் லெக்ஹீமோகுளோபின்னு நம்ம ரத்தத்துல இருக்குறதோட சொந்தக்கார புரதம் ஒண்ணு உள்ள இருக்கு, முடிச்ச நகத்தால கீறினா ரோஸ் கலர்ல தெரியுறது அதுதான். மண்ணு காய ஆரம்பிச்சா முடிச்சோட புறணி, அதாவது வெளி அடுக்கு, இறுகி ஆக்சிஜன் உள்ள போறது கொறையுது, சுக்ரோஸ உடைக்கிற சுக்ரோஸ் சிந்தேஸ் நொதியும் படுத்துருது, அதனால சர்க்கரை வந்து தேங்கி நிக்கும் ஆனா பாக்டீரியாவுக்குப் போய்ச் சேராது. சோயா மாதிரி பயிர்ல ஒளிச்சேர்க்கை கொறையுறதுக்கு முன்னாடியே இதெல்லாம் ஆரம்பிச்சுருது, அதாவது இலை வாடலையேன்னு நாம நிம்மதியா இருக்குற நாள்லயே கீழ வேலை நின்னுட்டு வருது.

இப்ப ஒப்பீடு. சோயாவையும் நிலக்கடலையையும் பக்கத்துல பக்கத்துல வச்சாத்தான் விஷயம் நல்லா புரியும். பிடிச்ச நைட்ரஜன சோயா முடிச்சு அலன்டாயின், அலன்டாயிக் அமிலம்னு யூரைடுங்கற நைட்ரஜன் சேர்மமா மாத்தி மேல அனுப்பும். நிலக்கடலையும் கொண்டைக்கடலை, பட்டாணியும் பெரும்பாலும் அஸ்பாரஜின், குளூட்டமின்னு அமைடுங்கற இன்னொரு வகை நைட்ரஜன் சேர்மமா அனுப்பும். தண்ணி இருக்குறப்ப சோயா வழிதான் சிக்கனம், ஏன்னா அலன்டாயின்ல 4 கார்பனுக்கு 4 நைட்ரஜன் போகுது, அஸ்பாரஜின்ல 4 கார்பனுக்கு 2 தான். வறட்சியில கதை அப்படியே மாறுது. இலையில யூரைட உடைக்கிற வேகம் கொறைஞ்சு அது அங்கயே குவியுது, முடிச்சுலயும் குவியுது, குவிஞ்சதும் முடிச்சு உற்பத்தியக் கொறைச்சுக்குது. 1995ல சின்க்ளேர், செர்ராஜ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் பல பயறு வகைகள ஒப்பிட்டு நேச்சர் இதழ்ல எழுதினது இதத்தான்: யூரைடு அதிகமா அனுப்புற வகைகள்ல நைட்ரஜன் பிடிக்கிறது சீக்கிரம் அடிவாங்குது, அமைடு வகைகள் அதவிடத் தாங்குது. இலை சொல்லித்தான் முடிச்சு நிக்குதா இல்ல முடிச்சு தானாவே நிக்குதான்னு இன்னும் விவாதம் ஓடுது. பட்டாணி வேர ரெண்டாப் பிரிச்சு ஒரு பக்கம் மட்டும் காயவிட்ட சோதனையில காஞ்ச பக்கத்து முடிச்சு மட்டும்தான் வேலைய நிறுத்துச்சு, ஈரப் பக்கம் ஓடிட்டேதான் இருந்துச்சு, அதனால முடிச்சு இருக்குற எடத்து ஈரத்த சாதாரணமா நெனைக்கக் கூடாதுங்கறது என் கருத்து.

சோயாவ ஒரேடியா ஒதுக்கணும்னும் நான் சொல்லல. ஜாக்சன்னு ஒரு பழைய சோயா ரகம் இருக்கு, வறட்சியிலயும் அதுல யூரைடு அவ்வளவா குவியாது, நைட்ரஜன் பிடிக்கிறதும் மத்த ரகங்கள விட நீடிக்கும், அதனாலதான் தாங்குற ரகம் உருவாக்குறவங்க அத ரொம்ப காலமா பெற்றோரா எடுத்துக்கிட்டாங்க. இன்னொண்ணு மாங்கனீஸ். அலன்டாயிக் அமிலத்த உடைக்கிற நொதிக்கு அது தேவை, மண்ணுல மாங்கனீஸ் பத்தலன்னா வறட்சியில யூரைடு தேக்கம் இன்னும் மோசமாகும். மண் பரிசோதனையில அந்த ஒரு வரிய யாருமே பாக்குறதில்ல, சோயா போடுறவங்க கண்டிப்பா பாக்கணும்.

நிலக்கடலைக்கு இன்னொரு விசேஷமும் இருக்கு. சோயால பாக்டீரியா வேர்த்தூவி வழியா உள்ள நுழையும், மண்ணு காஞ்சா தூவி குட்டையாகி நுழையுறதே தடைபடும். நிலக்கடலையில பக்கவேர் வெளிய வர்ற எடத்துல உண்டாகுற விரிசல் வழியாத்தான் போகும், முடிச்சும் அந்தக் கக்கத்துலதான் உக்காந்திருக்கும். அதுக்காக நிலக்கடலைக்கு வறட்சி பிரச்சனையே இல்லன்னு யாரும் முடிவு பண்ணிறாதீங்க. பூவுல இருந்து மண்ணுக்குள்ள போய் காயாகுற விழுது எறங்க மேல்மண்ணு ஈரமா இருக்கணும், காய் தனக்கு வேண்டிய கால்சியத்த சுத்தி இருக்குற ஈர மண்ணுல இருந்து நேரடியா எடுக்கும், மண்ணு காஞ்சா பொக்குக் காய்தான். கடைசி கட்ட வறட்சியும் மண் சூடும் சேந்தா அஃப்ளாடாக்சின்ங்கற நஞ்ச உண்டாக்குற பூஞ்சை வரும், அது சாப்புடுறவங்க உடம்புல போய் முடியுற விஷயம். முடிச்சுல ஜெயிச்ச பயிர் காயில தோக்குறது இங்கதான்.

தட்டப்பயறு செடியா பாத்தா அசத்தும், தண்ணி கொறையுதுன்னா சட்டுனு இலைத்துளைய மூடிக்கிட்டு உசுர வச்சுக்கும். ஆனா அதுவும் யூரைடு கூட்டம்தான், நைட்ரஜன் கணக்குல அது செடி அளவுக்கு கெட்டி இல்ல.

துவரையையும் கொண்டைக்கடலையையும் ஆழ வேருக்காக ஒண்ணா சேத்துப் பேசுவாங்க. கொண்டைக்கடலையில ஐசிசி 4958னு ஒரு ரகம் பெரிய ஆழமான வேர்த்தொகுதிக்குப் பேர் போனது, வறட்சி ஆராய்ச்சியில அடிக்கடி அதத்தான் வைப்பாங்க. ஆனா நெறைய பேர் விடுற விஷயம் என்னன்னா முடிச்சுல பெரும்பங்கு மேல் 20 சென்டிமீட்டர் சொச்சத்துலதான் இருக்கு, ஆணிவேர் ஒரு மீட்டர் கீழ போய் தண்ணி குடிச்சுட்டு இருக்குறப்ப முடிச்சு மேல காஞ்ச மண்ணுல கெடக்கு. மண்ணுல சேந்த ஈரத்த நம்பி வர்ற கொண்டைக்கடலைக்கு இது ரொம்பப் பொருந்தும், ஏன்னா மண்ணு மேல இருந்துதானே காயும். துவரைக்கு ஒரு சின்ன சலுகை இருக்கு, ராத்திரியில ஆழத்து தண்ணிய மேல்மண்ணுக்கு அது கசியவிடும், நைட்ரஜன அது யூரைடா அனுப்புற வகையா இருந்தாலும் அந்த ஈரம் மேல இருக்குற முடிச்சுக்கு உதவும்.

பாசிப்பயறுக்கு தாங்குற சக்திய விட ஓடிப்போற சக்திதான், 60, 70 நாள்ல முடிச்சுரும். வறட்சி பின்னாடிதான் வரும்னு நிச்சயமா தெரிஞ்சா அது போதும்.

மழை திரும்ப வந்தப்புறம் என்ன ஆகுதுன்னு பாத்தா ஒப்பீடு இன்னொரு பக்கம் திரும்புது. பட்டாணி, கொண்டைக்கடலை முடிச்சு நீளமா, சில சமயம் கைவிரல் மாதிரி கிளை விட்டு இருக்கும், நுனியில வளர்திசு உசுரோட இருந்தா ஈரம் கெடச்சதும் அங்கிருந்தே புதுசா வளரும். சோயா, தட்டப்பயறு, பாசிப்பயறு முடிச்சு உருண்டை, அதுல அந்த நுனி கெடையாது, முடிச்சு செத்துட்டா வேர்ல புதுசாத்தான் உருவாகணும், அது வேலைக்கு வர ரெண்டு மூணு வாரம் ஆகும். காய் பிடிக்கிற சமயத்துல அந்த மூணு வாரம் கெடைக்காது.

எது போட்டாலும் பூக்குற சமயத்துல நாலஞ்சு செடிய மண்வெட்டியால மண்ணோட தோண்டி எடுங்க, புடுங்கினா முடிச்சு மண்ணுலயே தங்கிரும். அறுத்துப் பாருங்க, ரோஸா செவப்பா இருந்தா வேலை நடக்குது, வெள்ளைன்னா இன்னும் ஆரம்பிக்கல, பச்சை இல்ல பழுப்புன்னா முடிஞ்சுபோச்சு. ரைசோபியம் கலந்த விதைய காஞ்ச சூடான மண்ணுல போட்டு மழைக்குக் காத்திருந்தா விதை பொழச்சாலும் பாக்டீரியா செத்துரும், அதனால ஈரம் பாத்துப் போடுங்க. முடிச்சு வரலன்னு பயந்து தழைச்சத்து உரத்த அள்ளிப் போட்டா செடி முடிச்சு வைக்கிறதையே கொறைச்சுரும். அந்தக் காசுல மூடாக்கு போட்டு மேல்மண்ணு ஈரத்த ஒரு வாரம் கூடுதலா பிடிச்சு வைக்கிறது மேல்.

என் கணக்குல பயிர் நடுவுல வறட்சி வந்து போற எடம்னா கொண்டைக்கடலை, பட்டாணி மாதிரி நீள முடிச்சுக்காரங்க, கடைசியில மட்டும் வறட்சின்னா பாசிப்பயறு, எப்ப வரும்னே சொல்ல முடியாத எடத்துல துவரை. நிலக்கடலைய காய் பிடிக்கிறப்ப ஒண்ணு ரெண்டு தண்ணியாவது விட முடிஞ்சா மட்டும் போடுங்க. சோயாவுக்கு ரகமும் மாங்கனீஸும் பாக்காம கை வைக்க வேண்டாம்.