கவுன்சிலா, அசோசியேஷனா: எந்த வீட்டுக்கு பிட் பண்ணுவது?

“அண்ணா, ரெண்டு வீடு வந்திருக்கு. ஒண்டு கவுன்சில், மற்றது அசோசியேஷன். எதுக்கு பிட் பண்ணுறது?”

கிழக்கு லண்டனில் இருக்கிற, எனக்குத் தங்கச்சி முறையான ஒருத்தியின் கேள்வி. கவுன்சில் என்றால் உள்ளாட்சி, அசோசியேஷன் என்றால் குறைந்த வாடகைக்கு வீடு விடும் லாப நோக்கமற்ற ஹவுசிங் அசோசியேஷன். பிட் என்பது ஏலம் இல்லை, காலியான வீட்டுக்கு ‘எனக்கு வேண்டும்’ என்று பெயர் கொடுப்பது. இரண்டும் இரண்டு அறை வீடுகள். கார்பெட் கூட இல்லாத வெறும் தரை. வாடகையில் சில பவுண்டுதான் வித்தியாசம். நம் ஆட்கள் பலருக்கு இரண்டுமே “கவுன்சில் வீடு”தான். ஆனால் குடியேறிய பிறகு வாடகை தவறும்போதும், கூரை ஒழுகும்போதும், பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கும்போதும் இரண்டும் வேறு வேறு என்று தெரிய வரும்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு, ஆல்மோ. வீடு கவுன்சிலுடையது, பராமரிப்பது கவுன்சிலே தொடங்கிய ஒரு கம்பெனி. 2002இல் தொடங்கிய ஏற்பாடு இது. ஹேரிங்கே கவுன்சில் 2022இலும், லூஷாமும் நாட்டிங்ஹாமும் 2023இலும் நிர்வாகத்தைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டன. குடியிருப்பவரின் உரிமை கவுன்சில் வீட்டில் உள்ளதேதான் என்பதால் இதை விட்டுவிடுவோம்.

முதலில் வாடகை. வழக்கமான சமூக வாடகை என்றால் இரண்டு பக்கமும் அரசு வகுத்த ஒரே கணக்குத்தான். விலைவாசி எகிறிய 2023இல் ஏற்றம் 7 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று அரசு போட்ட தடையும் இருவருக்கும் பொது. விளம்பரத்தில் ‘அஃபோர்டபிள் ரெண்ட்’ என்று இருந்தால் மட்டும் உஷாராக இருங்கள். ‘கட்டுப்படியாகும் வாடகை’ என்று பெயர். சந்தை வாடகையில் 80 சதவீதம் வரை கேட்கலாம் என்பது விதி. லண்டனில் அது யாருக்குக் கட்டுப்படியாகும் என்று பெயர் வைத்தவரைத்தான் கேட்க வேண்டும். அசோசியேஷன் வீடுகளில் இது அதிகம் கண்ணில் படும்.

பெரிய வித்தியாசம் நிலுவையில் இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும் யூனிவர்சல் கிரெடிட் உதவித்தொகைக்குப் புதிதாகப் போடுபவருக்கு முதல் பணம் வர ஐந்து வாரம் ஆகும். குடிவந்த மாதமே நிலுவை தொடங்கிவிடுகிறது. இடையில் சம்பளச் சீட்டில் ஒரு குழப்பம் வந்தால் எட்டு வாரம் ஆகிவிடும். கவுன்சிலின் நிரந்தரக் குடியிருப்பு உரிமை 1985 வீட்டுவசதிச் சட்டத்தின் கீழ் வருவது. வாடகை நிலுவைக்காக வெளியேற்றுவது நியாயமா என்று நீதிபதி பார்த்தே ஆக வேண்டும். வாரம் இவ்வளவு கட்டுகிறேன் என்று சொல்லி வீட்டைக் காப்பாற்றிக்கொண்டவர்கள் நிறையப் பேர். அசோசியேஷனின் குடியிருப்பு உரிமை 1988 வீட்டுவசதிச் சட்டத்தின் கீழ் வருவது. அதில் வெளியேற்றுவதற்கான காரணங்களில் 8ஆம் காரணம் என்று ஒன்று உண்டு. நோட்டீஸ் தந்த அன்றும் வழக்கு நாளிலும் எட்டு வார வாடகை பாக்கி என்றால், நீதிபதிக்கு இரக்கம் இருந்தாலும் அதற்கு வேலை இல்லை. 2025இல் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டம் இந்த வரம்பை மூன்று மாதமாக்குகிறது, ஆனால் காரணம் அப்படியே இருக்கிறது. எல்லா அசோசியேஷனும் அதைப் பயன்படுத்துவதில்லை என்பதும் உண்மை. முதல் 12 மாதம் பெரும்பாலும் இரண்டு பக்கமும் சோதனைக் காலம்தான், அப்போது கவுன்சிலும் எளிதாக வெளியேற்றலாம்.

தங்கச்சியின் கணவருக்கு ரெஸ்டாரண்ட் வேலை. வாரத்துக்கு வாரம் மணிநேரம் மாறும், கிரெடிட்டும் கூடவே ஏறி இறங்கும். ஆகவே வாடகைக் கணக்கில் என் ஓட்டு கவுன்சிலுக்கு.

திருத்த வேலையில் அப்படி ஒரேயடியாகச் சொல்ல முடியாது. கூரை, குழாய், ஹீட்டிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு என்று சொல்லும் 11ஆம் பிரிவு இருவருக்கும் பொருந்தும். இது அதே 1985இல் வந்த வேறொரு சட்டம், வீட்டுக்காரர்–வாடகைதாரர் சட்டம். 2020இல் ராச்டேலில் பூஞ்சை பிடித்த வீட்டில் ஆவாப் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்த பிறகு வந்த ஆவாப் சட்டமும் அப்படியே. 2025 அக்டோபர் 27 முதல், உடனடி ஆபத்து என்றால் 24 மணி நேரம். ஆபத்தான ஈரக்கசிவும் பூஞ்சையும் என்றால் 10 வேலை நாளுக்குள் வந்து பார்த்தாக வேண்டும். அந்த ராச்டேல் வீடு அசோசியேஷனுடையது. கவுன்சில் மட்டும் யோக்கியமா என்றால், 2024 அக்டோபரில் இந்த வீடுகளைக் கண்காணிக்கும் அரசு ஆணையம் சி4 என்ற கடைசித் தரத்தை முதன்முதலாகக் கொடுத்தது நியூஹாம் கவுன்சிலுக்கு. நம் ஈஸ்ட்ஹாம் அதற்குள்தான் இருக்கிறது. தீப்பாதுகாப்பு, மின்சாரப் பரிசோதனை இரண்டிலும் கோட்டை விட்டிருந்தார்கள்.

கவுன்சில் வீட்டுக்கு மட்டும் 1994ஆம் ஆண்டு விதி ஒன்று இருக்கிறது. 250 பவுண்டுக்குள் முடியும் அவசர வேலை கெடுவுக்குள் நடக்காவிட்டால் வேறொரு கான்ட்ராக்டரைக் கேட்கலாம். அவரும் வராவிட்டால் நஷ்டஈடு 10 பவுண்டும், நாளுக்கு 2 பவுண்டும், மொத்தம் 50 வரை. காசு டீச்செலவுக்குத்தான் காணும், ஆனால் கடிதத்தில் இந்த விதியைக் குறிப்பிட்டால் ஒரு அசைவு தெரிகிறது. கவுன்சிலிடம் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழும் விவரம் கேட்கலாம், 20 வேலை நாளில் பதில் தர வேண்டும். அசோசியேஷன்கள் அந்தச் சட்டத்துக்குள் இல்லை.

நடைமுறையில், பெயர்ப்பலகையை விட வேலைக்கு யார் வருகிறார் என்பதுதான் முக்கியம். என் சமையலறைக் கூரை ஒழுகியபோது முதலில் ஒருவர் வந்து பார்த்தார். அடுத்தவர் படம் எடுத்தார். மூன்றாவதாக வந்த பிளம்பர், “இது மேல் வீட்டு லீக், அதற்கு வேறு ஜாப் நம்பர்” என்று தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த வாளியைச் சுற்றி நடந்து வெளியேறினார். மூவரும் மூன்று சப்கான்ட்ராக்டின் ஆட்கள். சொந்தத் தொழிலாளர்களை வைத்திருக்கும் இடத்தில் அதே ஆள் திரும்பி வருவார், வாளியை மறந்திருக்க மாட்டார்.

அப்புறம் காலி வீடு. சாவி திரும்பி வந்ததும் பூட்டு மாற்றி, கேஸும் மின்சாரமும் பார்த்து, ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று சோதித்து, பெயின்ட் அடித்துக் கொடுக்க வேண்டும். சாவியிலிருந்து சாவி வரை எத்தனை நாள் என்பதுதான் அலுவலகத்தில் கேட்கப்படும் கேள்வி. கவுன்சிலின் வாடகை போவது தனிக் கணக்கு ஒன்றுக்கு, திருத்தச் செலவும் அதிலிருந்துதான். ஒரு வீடு ஆறு மாதம் பூட்டிக் கிடந்தால் அந்த வாடகை வேறு யாரோ ஒருவரின் உடைந்த ஜன்னலிலிருந்து கழிகிறது. அசோசியேஷன் பக்கம் வேறொரு கதை: திருத்தச் செலவு அதிகமான பழைய வீடு காலியானால் சில அசோசியேஷன்கள் அதை ஏலத்துக்கு அனுப்பிவிடும். காலி வீட்டுக் கணக்கு அழகாகிவிடும், வாடகைக்கு ஒரு வீடு குறைந்துவிடும்.

அதனால் தங்கச்சியிடம் சொன்னேன்: பிட் பண்ணுவதற்கு முன் இரண்டு இடத்துக்கும் ஒரு மாலையில் போ. காலி வீடு என்று இரும்புத் தகடு அடித்த கதவுகளை எண்ணு. பக்கத்தில் யாராவது இருந்தால் எப்போது அடித்தது என்று கேள்.

போய் வந்தாள். அசோசியேஷன் தெருவில் ஒன்றும் இல்லை, ஒரு வீட்டு வாசலில் மட்டும் ஏலக் கம்பெனியின் பலகை. கவுன்சில் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இரண்டு தகடுகள், ஒன்று கிறிஸ்துமஸுக்கு முதலே அடித்ததாம். அதோடு கீழே கவுன்சில் வேன் ஒன்று. போன முறை வந்த அதே பிளம்பர்தான் மறுபடியும் வந்திருக்கிறார் என்று அங்கே இருந்த ஒரு கிழவி சொன்னாராம்.

கவுன்சிலுக்குத்தான் பிட் பண்ணினாள். இப்போதைக்கு வரிசையில் 14ஆவது.