1,770 ரேண்ட் போச்சு: பழைய கம்ப்யூட்டருக்கு 1050 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் நம்ம ஆட்கள் யாராவது பழைய டெஸ்க்டாப்பில் கிராஃபிக்ஸ் கார்டு மாற்றி, சும்மா இருக்கும் கம்ப்யூட்டரை விஞ்ஞானிகளின் கணக்குக்குக் கொடுக்கும் பாயிங்க், ஃபோல்டிங் அட் ஹோம் புரோகிராம்களை ஓட்டலாம் என்று நினைத்திருந்தால், பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள். சனிக்கிழமை வாங்கினேன், இன்று புதன். கார்டுக்கு 1,650, கூடவே தலையில் கட்டிய அடாப்டருக்கு 120, மொத்தம் 1,770 ரேண்ட். 1050 டிஐ என்று நம்பி வாங்கினேன், கையில் இருப்பது 2011-ல் வந்த சிப். ஏமாறாமல் வாங்குவது எப்படி என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

மெஷின் ஆப்டிபிளெக்ஸ் 7010 மினி டவர், ஐ5-3470 பிராசஸர், 275 வாட் பவர் சப்ளை. இந்த சப்ளையில் கிராஃபிக்ஸ் கார்டுக்கான 6 பின் வயரே கிடையாது. அதனால் மதர்போர்டு ஸ்லாட் கொடுக்கும் 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டுதான் போட முடியும். அதற்கு என்விடியா கம்பெனியின் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ சரியான பொருத்தம். 2016 அக்டோபரில் வந்தது, 768 கோர் (கணக்குப் போடும் அலகுகள்), 4 ஜிபி மெமரி, பெரும்பாலான மாடல்களுக்குத் தனி பவர் வயர் தேவையில்லை. பாயிங்கில் ஓடும் ஐன்ஸ்டைன் அட் ஹோம் திட்டத்தில் பல்சார் என்ற வகை நட்சத்திரங்களைத் தேட இது தாராளம். பழைய ஆபீஸ் மெஷின் வைத்திருக்கிற எல்லாரும் இதையே தேடுவதால்தான் போலியும் இந்தப் பெயரில் குவிகிறது.

பழைய சாமான் விற்கும் ஒரு விளம்பரத் தளத்தில் பார்த்துத்தான் அந்த ரிப்பேர் கடைக்குப் போனது. பெயர் இப்போது எழுதவில்லை, வழக்குப் போடப் போகிறேன். கல்லாவுக்கு மேலே முருகன் படம், பக்கத்தில் விபூதித் தட்டு. உள்ளே நுழைந்ததும் கடைக்காரர் "வாங்க அண்ணே" என்றார். இந்த ஊரில் பல வீடுகளில் தலைமுறைகளாக இங்கிலீஷ்தான். கடையில் ஒருத்தர் வாயிலிருந்து தமிழ் வந்தால் மனசு இளகிவிடும். "நம்ம ஆளுக்குப் போய் டூப்ளிகேட் குடுப்பேனா அண்ணே, நாளைக்குக் கோயில்ல உங்க மூஞ்சியில முழிக்க வேணாமா?" என்று கேட்டார். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரைத் திறந்து "ஜிஃபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ" என்ற பெயரைக் காட்டினார், ஒரு யூடியூப் வீடியோ ஓட்டினார். பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

அந்தப் பெயருக்கு ஒரு மதிப்பும் கிடையாது. கார்டுக்குள் இருக்கும் அடிப்படை புரோகிராமான பயாஸை அழித்து வேறு எழுதி, "நான் 1050 டிஐ, 4 ஜிபி" என்று சொல்ல வைத்துவிடுகிறார்கள். திருத்திய டிரைவரையும் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால் விண்டோஸ் அதையே நம்பிக் காட்டும். யூடியூப் ஓட 1 ஜிபி மெமரியே தாராளம்.

உண்மையைக் கார்டின் பின்பக்கத் தகடே சொல்லிக்கொண்டிருந்தது. எச்டிஎம்ஐ, டிவிஐ, அவற்றுக்குப் பக்கத்தில் 15 ஓட்டை உள்ள நீல நிற விஜிஏ போர்ட். 1050 டிஐயின் பாஸ்கல் தலைமுறைச் சிப்பில் விஜிஏவுக்கு வேண்டிய அனலாக் சிக்னலே கிடையாது, நிஜக் கார்டில் விஜிஏ இருக்க வழியில்லை. அடுத்து, மேல் விளிம்பில் 6 பின் சாக்கெட். கேட்டதற்கு "இது ஓவர்கிளாக் மாடல் அண்ணே" என்றார். அப்படிச் சில நிஜ மாடல்களிலும் உண்டு, அதனால் வாய் திறக்க முடியவில்லை. மூன்றாவது, கம்ப்யூட்டரின் பயாஸ் செட்டிங்கில் செக்யூர் பூட்டை அணைத்து லெகசி ஆப்ஷன் ரோமைப் போடச் சொன்னார். பயாஸுக்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐக்கு முந்தைய காலத்துக் கார்டுக்குத்தான் அது வேண்டும்.

120 ரேண்ட் அடாப்டர் அதைவிட ஆபத்து. ஹார்ட் டிஸ்குக்கு மின்சாரம் கொடுக்கும் சாட்டா பிளக்கிலிருந்து 6 பின்னுக்கு மாற்றுவது. சாட்டா பிளக்கின் 12 வோல்ட் பின்கள் மூன்றும் சேர்ந்து 4.5 ஆம்பியர்தான் தாங்கும், அதாவது 54 வாட். 6 பின் சாக்கெட் 75 வாட் வரை இழுக்கலாம். இரண்டு நாள் ஓடியதும் பிளக்கில் மஞ்சள் வயர் நுழையும் இடத்தில் வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறி, தொட்டால் நெளிந்தது. ராத்திரி முழுக்க ஆளில்லாமல் ஓடும் மெஷின் இது!

பாயிங்க் தொடங்கியதும் ஈவென்ட் லாக்கின் முதல் வரிகளில் கார்டைப் பற்றி எழுதும். பெயர் 1050 டிஐ என்றே இருந்தது, ஆனால் சிப்பின் தலைமுறையைக் காட்டும் கம்ப்யூட் கேப்பபிலிட்டி எண் 2.1. நிஜக் கார்டுக்கு 6.1 வர வேண்டும். டாஸ்க் ஒவ்வொன்றும் சில நிமிஷத்தில் "கம்ப்யூடேஷன் எரர்" என்று விழுந்தது. மெமரி 1 ஜிபியைத் தாண்டியதும் திரை முழுக்கப் பச்சைக் கோடு. கார்டின் நிஜ விவரத்தைப் படித்துக் காட்டும் ஜிபியு-இசட் புரோகிராமை ஓட்டினால் பெயருக்கு முன்னால் "ஃபேக்" என்றே போட்டுக் காட்டியது: ஜிஎஃப் 116 சிப், 192 கோர். 2011-ன் ஜிடிஎக்ஸ் 550 டிஐ கார்டில் வந்தது. என்விடியா இந்தத் தலைமுறைக்கு டிரைவர் கொடுப்பதை 2018-ல் 391.35 பதிப்போடு நிறுத்திவிட்டது. நிஜ 1050 டிஐயின் மூன்றில் ஒரு பங்கு கணக்குத் திறன், மின்சாரம் 116 வாட். இதற்கு 1,770 ரேண்ட்!

திங்கட்கிழமை போன் செய்தால் "டிரைவர் பிரச்சினை, விண்டோஸை மறுபடி போடுங்க" என்றார். போட்டேன். சாயங்காலம் "உங்க பவர் சப்ளை வீக்". அடாப்டரை விற்றதே அவர்தான். ஜிபியு-இசட் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "மைனிங் பண்ணியிருக்கீங்க, வாரண்டி கிடையாது" என்று பதில். பல்சார் கணக்குக்கும் பிட்காயினுக்கும் சம்பந்தமில்லை என்று எழுதியதற்கு புளூ டிக் மட்டும் விழுந்தது. செவ்வாய்க்கிழமை நேரில் போனேன். அண்ணே போய் "மிஸ்டர்" ஆகிவிட்டது. "ரசீதுல 1050னு எங்க இருக்கு, காட்டுங்க" என்றார். பார்த்தால் "விஜிஏ கார்டு 1" என்று மட்டும் எழுதியிருக்கிறார். இப்போது நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

"விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்ற போர்டைக் கண்டு பயப்பட வேண்டாம். இங்கே 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடையில் வாங்கிய குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பலாம். ரிப்பேரா, மாற்றா, பணமா என்று முடிவு செய்வது வாங்கியவர். 20,000 ரேண்ட் வரை சிறு வழக்கு நீதிமன்றத்துக்கு வக்கீல் இல்லாமலே போகலாம். அதற்கு முன் 14 நாள் கெடு வைத்துக் கடிதம் கொடுக்க வேண்டும். அதை இன்று எழுதி முடித்தாயிற்று. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டில் "1050 டிஐ 4 ஜிபி" என்று தெளிவாக இருக்கிறது, நல்லவேளை அழிக்கவில்லை.

விவரமாக எழுதுவதாகச் சொன்னேன், இருக்கிற கோபத்தில் முடியவில்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். 1050 டிஐ என்று சொல்லும் கார்டில் விஜிஏ போர்ட் இருந்தால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். ஜிபியு-இசட் பென் டிரைவில் இருக்கட்டும், இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை, கடையிலேயே ஓட்டிப் பாருங்கள். சிப் பெயர் ஜிபி 107, 768 கோர் என்று வர வேண்டும். டிரைவரை என்விடியா தளத்திலிருந்தே எடுங்கள். ஓசிசிடி என்ற சோதனை புரோகிராமின் விராம் (கார்டின் மெமரி) டெஸ்டில் 4 ஜிபியும் நிரம்புகிறதா பாருங்கள். ரசீதில் மாடலும் சீரியல் நம்பரும் எழுதி வாங்குங்கள். சாட்டா அடாப்டரை ஏற்கனவே போட்டிருந்தால் இன்று ராத்திரியே கழற்றிவிடுங்கள்.