சவூதி அரச குடும்பச் சுவர்ப்படம்: பெயருக்காக வாங்கலாம், வாரிசுக்காக வேண்டாம்

திருகோணமலை பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு புத்தகக் கடையில் இந்தச் சுவர்ப்படம் தொங்குகிறது. முழுக்கத் தமிழ், லாமினேட் பண்ணி மேலும் கீழும் சட்டம் அடித்தது, விலை 850 ரூபா. கிண்ணியா, மூதூர்ப் பக்கம் வளைகுடாவில் ஆள் இருக்கிற வீடுகள் நிறைய, கிண்ணியாப் பாலமே சவூதி நிதியில் கட்டி 2009இல் திறந்ததுதான், ஆகவே இதை வாங்க ஆள் இருக்கும் என்று அச்சடித்தவர் போட்ட கணக்கு சரிதான்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். இடது ஓரத்தில் பெயரைப் பிரித்துக் காட்டும் பெட்டி ஒன்று இருக்கிறது, காசு அதற்கே சரி. முஹம்மத் பின் சல்மான் பின் அப்துல் அஸீஸ் ஆல் சவூத்: ஆளுடைய பெயர், தகப்பன், தகப்பனுடைய தகப்பன், கடைசியில் குடும்பம். நாங்கள் தகப்பனை ஓர் எழுத்தாக்கி முன்னால் ஒட்டிவிடுவோம், அவர்கள் பின்னால் முழுசாக அடுக்குகிறார்கள். நடுவில் வரும் ‘பின்’ என்றால் மகன், பெண் என்றால் ‘பின்த்’, கல்யாணம் முடித்தாலும் தகப்பன் பெயர் மாறாது. மன்னர் சல்மானை ‘அபூ ஃபஹ்த்’, அதாவது ஃபஹ்தின் தகப்பன், என்று அழைப்பதையும் போட்டிருக்கிறார்கள். மூத்த மகன் ஃபஹ்த் 2001இலேயே இறந்துவிட்டார், ஆனாலும் அந்த அழைப்பு அவர் பெயரிலேயே நிற்கிறது. நாட்டை உருவாக்கிய அப்துல் அஸீஸை வெளிநாட்டுப் புத்தகங்கள் இப்னு சவூத் (சவூதின் மகன்) என்று எழுதுவதால் தகப்பன் பெயர் சவூத் என்று நினைப்பவர்கள் உண்டு. தகப்பன் அப்துர் ரஹ்மான், சவூத் பல தலைமுறைக்கு முந்திய மூதாதை. இதையும் பெட்டியில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள், சபாஷ்.

பட்டங்களில் கோட்டை விட்டுவிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே தங்கக் கிரீடம், ஒரே ‘இளவரசர்’. அங்கே அப்துல் அஸீஸின் நேர் வழியில் வந்தவருக்குத்தான் ‘அரச மேன்மை’, பக்கக் கிளைகளுக்கு வெறும் ‘மேன்மை’. மன்னர்கள் எல்லோருக்கும் ‘மாட்சிமை தங்கிய’ வேறு. ஃபஹ்த் மன்னர் 1986இல் அதை விட்டு ‘இரு புனிதத் தலங்களின் பாதுகாவலர்’ என்று தன்னை அழைக்கச் சொன்னார், பின்னால் வந்தவர்களும் அப்படியே. ஒரு மூலையில் ‘ஷேக் முஹம்மத் பின் சல்மான்’ என்றும் இருக்கிறது, பார்த்தவுடன் எரிச்சல் வந்தது. ஆளும் குடும்பத்தாரை ஷேக் என்பது குவைத், கட்டார், அமீரகம் பக்கம். சவூதி அரச குடும்பத்தில் அமீர்தான், அதாவது இளவரசர்.

சரி, பெரிய பிழை நடுவில் இருக்கிற வம்ச மரம். தகப்பனிலிருந்து மூத்த மகனுக்கு, அவரிலிருந்து அவருடைய மூத்த மகனுக்கு என்று அம்புக்குறி நேரே கீழே இறங்குகிறது. 1953இல் அப்துல் அஸீஸ் இறந்தபின் சவூத், பைஸல், காலித், ஃபஹ்த், அப்துல்லாஹ், சல்மான் என்று வந்த ஆறு பேரும் அவருடைய பிள்ளைகள், அதாவது அரசுரிமை எழுபது வருடமாகப் பக்கவாட்டில் அண்ணன் தம்பிக்குள்ளேயே போயிருக்கிறது, கீழே இறங்கவே இல்லை! 1992 அடிப்படைச் சட்டமும் மூத்தவருக்கு என்று சொல்லவில்லை, மகன்மாரிலும் பேரன்மாரிலும் தகுதியானவர் என்றுதான் சொல்கிறது. அடுத்த வாரிசைத் தீர்மானிக்க அரச குடும்பத்தாரைக் கொண்டு 2006இல் அமைத்த விசுவாசப் பிரமாணச் சபை பற்றி ஒரு வரிகூட இல்லை.

பட்டத்து இளவரசர் கட்டத்தில் ஒரு ஸ்டிக்கர். எங்கள் ஊர் உப்புக் காற்றுக்கு ஓரம் எழும்பி, அடியில் முஹம்மத் பின் நாயிப் தெரிகிறார். 2015 ஏப்ரலில் அப்போதைய பட்டத்து இளவரசர் முக்ரினை விலக்கி அவரை வைத்தார்கள், 2017 ஜூனில் அவரையும் விலக்கி முஹம்மத் பின் சல்மான். அதே வருடம் அடிப்படைச் சட்டத்தில் செய்த திருத்தம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: பேரன் தலைமுறை அரியணைக்கு வந்தபின் மன்னரும் பட்டத்து இளவரசரும் ஒரே கிளையிலிருந்து, அதாவது அப்துல் அஸீஸின் ஒரே மகனின் வழியிலிருந்து, வரக்கூடாது. ஆகவே சட்டம் இப்படியே இருந்தால் முஹம்மத் பின் சல்மான் மன்னரானதும் தன் மகனையோ தம்பியையோ அடுத்தவராக்க வழியில்லை. படத்திலோ அவருக்குக் கீழேயும் ஒரு அம்பு, நுனியில் கேள்விக்குறி.

கடைக்கார நானாவிடம் சொன்னேன். “தம்பி, நான் விக்கிற ஆள், அச்சடிக்கிற ஆள் இல்ல” என்றார், அதுவும் நியாயம். ஆனால் சுருட்டிக் கொடுத்த கடதாசிக் குழாய்க்கு 50 ரூபா தனியாக எடுத்தார். சட்டம் இல்லாத சின்ன அளவும் 400 ரூபாவுக்கு இருக்கிறது, பெயர்ப் பெட்டி அதிலும் அப்படியே வருகிறது, அதை எடுங்கள்.