பைண்டிங்கா, கவரா, ட்ரங்குப் பெட்டியா? வேலூர் வெயிலுக்குத் தப்பிய பழைய காமிக்ஸ்

வேலூர், ஆற்காடு, குடியாத்தம் பக்கத்து வீடுகளில் பழைய காமிக்ஸ் மிஞ்சியிருந்தால் அது மூன்று கோலங்களில் ஒன்றில்தான் இருக்கும். காலிகோ (பைண்டிங் துணி) முதுகு போட்ட பைண்டிங் தொகுப்பு, பிளாஸ்டிக் கவரில் போட்ட தனி இதழ்கள், அல்லது பரணில் ஏற்றிய ட்ரங்குப் பெட்டி. எது நல்லது என்று கேட்டால் ஒரே பதில் கிடையாது. இதழுக்கு எப்படி ஸ்டேப்ளர் பின் அடித்திருக்கிறார்கள், எந்தக் கடையிலிருந்து வீட்டுக்கு வந்தது என்ற இரண்டையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் எதிரி யார் என்று பார்த்துவிடலாம். 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய முத்து காமிக்ஸ் ஆகட்டும், 1984 ஜூலையில் ஒரே மாதத்தில் வெளிவந்த லயனும் ராணி காமிக்ஸும் ஆகட்டும், அன்றைய இதழ்கள் பெரும்பாலும் மலிவான செய்தித்தாள் ரகக் காகிதத்தில் அச்சானவை. மரக்கூழில் இருக்கும் லிக்னின் வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுப்பாகும், கூடவே அமிலமும் ஊறும். சூடு அதை வேகப்படுத்தும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், தகர ஷீட்டுக்கு அடியில் இருக்கும் பரண் ஓர் அடுப்பு. ஐப்பசி, கார்த்திகை மழை வந்தால் அதே காகிதம் ஈரத்தை உறிஞ்சும், ஸ்டேப்ளர் பின்னும் துருப்பிடிக்கும். ஒவ்வொரு வருடமும் இந்த இரண்டையும் தாங்கியாக வேண்டும்.

பைண்டிங்கைச் சேகரிப்பாளர்கள் பலர் திட்டுவார்கள். திட்டில் நியாயம் உண்டு. சாதாரணமாக நோட்டு பைண்டிங் செய்பவர் இதழ்களை அடுக்கி, முதுகுப் பக்கம் துளை போட்டுப் பக்கவாட்டில் தைத்துவிட்டு, மற்ற மூன்று பக்கத்தையும் கட்டிங் மெஷினில் கொடுப்பார். தையல் உள் ஓரத்தில் கிட்டத்தட்ட 1 செ.மீ. விழுங்கும். கட்டிங் பக்கத்துக்கு 3 முதல் 5 மி.மீ. எடுக்கும். பாக்கெட் சைஸ் இதழில் அவ்வளவு இடம் ஏது? மேல் வரிசைப் பேச்சுக் குமிழில் முதல் வரியே பாதி போய்விடும். அட்டைகளைக் கிழித்துவிட்டு உள்பக்கங்களை மட்டும் தைத்த தொகுப்புகளும் நிறைய. அப்படிப் போன அட்டை போனதுதான்.

ஆனாலும் இந்தப் பகுதியில் முழுசாகத் தப்பிய இதழ்களில் பெரும் பங்கு பைண்டிங்கால் பிழைத்தது என்பதை மறுக்க முடியாது. மாதம் 2 இதழ் என்று வந்த ராணி காமிக்ஸ் 2005 வரை 500 இதழ்கள் வந்தது. அதைத் தனித்தனியாகக் காப்பாற்றியவர்கள் குறைவு. இரண்டு கனத்த அட்டைக்கு நடுவே இறுகிக் கிடந்த பக்கங்களுக்குக் காற்றும் வெளிச்சமும் படவில்லை. அதனால் ஓரம் பழுத்திருந்தாலும் நடுப்பகுதி வெளுப்பாகவே நிற்கும்.

இனி பைண்டிங் கொடுப்பதானால் நான்கு விஷயங்களை வாயால் சொல்லாமல் சீட்டில் எழுதிக் கொடுங்கள். கட்டிங் வேண்டாம். பழைய பின்களை முழுக்க எடுத்துவிட வேண்டும். நடுவில் பின் அடித்த இதழ் என்றால் பக்கவாட்டில் துளைக்காமல், ஒவ்வோர் இதழையும் ஒரு ஃபாரமாக (மடித்த தாள்கட்டாக) எண்ணி மடிப்பு வழியே தைக்க வேண்டும். ஒரு தொகுப்பில் 6 முதல் 8 இதழ் போதும், அதற்கு மேல் போனால் விரித்துப் படிக்கும்போது முதுகு பிளக்கும். பசையையும் கேளுங்கள். பூச்சிக்காக மைதாப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பது பழைய வழக்கம். பூச்சி வராதுதான், ஆனால் துத்தத்தின் அமிலமும் செம்பும் காகிதத்தை அரிக்கும். வெளி அட்டைக்கும் காலிகோவுக்கும் மட்டும் அந்தப் பசை இருக்கட்டும், இதழின் மேல் படக் கூடாது. பக்கவாட்டில் பின் அடித்து முதுகில் அட்டை ஒட்டிய இதழ்களுக்கு மடிப்புத் தையல் எடுபடாது. அவற்றை பைண்டிங்குக்கே அனுப்பாதீர்கள்.

அவற்றுக்கு ஏற்றது கவர். இங்கே தவறு நடப்பது கவரின் ரகத்தில். மெத்தென்று, ரப்பர் வாசனையோடு இருப்பது பி.வி.சி. சில கோடைக்குள் மசகு கசிந்து அட்டையின் மையை உரித்துக்கொள்ளும். கசக்கினால் மொறுமொறுவென்று சத்தம் வரும், கண்ணாடி போன்ற பாலிபுரொப்பிலீன் கவர்தான் வேண்டும். ரெடிமேட் சட்டைக்குப் போடுகிறார்களே, அதே ரகம், பாக்கெட் சாமான் மொத்தக் கடைகளில் கிடைக்கும். இதழைவிட அகலத்தில் அரை அங்குலம் கூடுதலாக வாங்குங்கள். பசை மடிப்பிலா, கவரின் உடம்பிலா என்று பார்ப்பது முக்கியம். மடிப்பில் பசை இருந்தால், இதழை வெளியே இழுக்கும்போது அட்டையின் மேல்மூலை அதில் ஒட்டிக் கிழியும். அரிதான அட்டைகள் இப்படியே மூலை இழந்திருக்கின்றன. பின்னால் முட்டுக்கு ஸ்வீட் பாக்ஸ் அட்டை வைப்பவர்கள் உண்டு, சாம்பல் முதுகு கொண்ட அந்த அட்டையே அமிலம்தான். அமிலமில்லாத போர்டு கிடைக்காவிட்டால் இரண்டு ஜெராக்ஸ் தாளை மடித்து இதழுக்கும் அந்த அட்டைக்கும் நடுவில் வையுங்கள். இப்போதைய ஜெராக்ஸ் தாள் பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து கலந்தது, ஓரளவு அமிலத்தைத் தாங்கும். செல்லோடேப் எதிலும் வேண்டவே வேண்டாம், பத்து வருடத்தில் டேப் உதிரும், மஞ்சள் பட்டை நிற்கும்.

துருப்பிடித்த பின்னோடு கவரில் போடுவது சீழோடு கட்டுப் போடுவது போல. மொட்டைக் கத்தியால் பின்னின் மடிந்த காலை நிமிர்த்தி மெல்ல எடுத்து, பொடியைக் காய்ந்த தூரிகையால் தட்டிவிட்டு, அதே ஓட்டை வழியே வெள்ளைப் பருத்தி நூலால் மூன்று தையல் போட்டால் போதும்.

ட்ரங்குப் பெட்டிக்கு நான் வாக்களிக்க மாட்டேன். தகரம் பகலில் கொதிக்கும், இரவில் குளிரும், மழைக்காலத்தில் உள்ளேயே வியர்க்கும். வேறு வழியில்லை என்றால் பரணிலிருந்து இறக்கி, செங்கல் மேல் ஏற்றி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். கரையான் சுவர் வழியாகத்தான் வரும். உள்ளே பழைய வேட்டியை விரித்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, பங்குனியில் ஒருமுறை நிழலில் திறந்து உலர்த்துங்கள். வேப்பிலையைப் பக்கத்துக்கு நடுவில் வைப்பது கறையாகத்தான் முடியும்.

இதழின் உடம்பிலேயே அது வந்த கடையின் தடம் இருக்கும். பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் கயிற்றில் தொங்கிய பிரதியை நடுவில் ஒரு மடிப்பும் நீலம் பாய்ந்த அட்டையும் காட்டிக் கொடுக்கும். வெயிலில் சிவப்பும் மஞ்சளும் முதலில் போகும், நீலமும் கறுப்பும் நிற்கும். வாடகை நூல்நிலையப் பிரதிக்குக் கூடுதலாக மூன்று பின், பழுப்புத்தாள் உறை, ‘வ.ஆ. மாவட்டம்’ (வட ஆற்காடு மாவட்டம்) என்ற ஊதா முத்திரை. திருவண்ணாமலையும் ஆரணியும் ராணிப்பேட்டையும் ஒரே மாவட்டமாக இருந்த நாளின் சான்று அது. முத்திரையை அழிக்க முயலாதீர்கள். காட்பாடியில் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கி, பக்கத்திலேயே இருந்த மூர் மார்க்கெட்டில் வாங்கி வந்தவை 1985 தீ விபத்துக்கு முந்தியவை, அவற்றில் பென்சிலில் எழுதிய மறுவிற்பனை விலை முதல் பக்க மூலையில் இருக்கும். எடைக்கடைப் பிரதியில் நடுத்தாள் இருக்கிறதா என்று பக்க எண்ணை எண்ணிவிட்டே காசு கொடுங்கள்.

நூல்நிலையப் பிரதிகளை நான் கவரில்தான் வைப்பேன், அந்தக் கூடுதல் பின்களை மட்டும் எடுத்துவிட்டு. அட்டை இல்லாத எடைக்கடைப் பிரதிகள் பைண்டிங்குக்குப் போகலாம், அவற்றுக்கு இழக்க ஒன்றுமில்லை. தாத்தா காலத்தில் கட்டிய பழைய பைண்டிங்கை மட்டும் தயவுசெய்து பிரிக்காதீர்கள். தையலை அறுக்கும்போது தப்பிய உள் ஓரமும் சேர்ந்து கிழியும், தனி இதழாக வந்தாலும் வெட்டிய ஓரம் திரும்பாது. வெறுமனே கதை படிக்கத்தான் ஆசை என்றால் சிவகாசியிலிருந்து வரும் மறுபதிப்புகளை வாங்கிப் படிக்கலாம், பழைய தொகுப்பு அலமாரியில் படுத்த வாக்கில் ஓய்வெடுக்கட்டும்.