கல்லடி அக்காட டேனிஷ் குக்கீஸ்: விலை கூடத்தான், ஆனா வாங்கலாம்

டேனிஷ் குக்கீஸ் எண்டா நமக்குத் தெரிஞ்சது வெளிநாட்டு ஆக்கள் கொண்டு வாற அந்த நீல டின்தான். மட்டக்களப்பு கல்லடில ஒரு அக்கா வீட்டுலயே சுட்டு விக்கிறா எண்டு கேள்விப்பட்டு நத்தாருக்கு ஆபீஸ்ல குடுக்க கொஞ்சம் ஓடர் பண்ணினன், மறுகா வீட்டுக்கு, மறுகா மச்சாளுக்கு எண்டு வாங்கிட்டே இரிக்கன். கடை, போர்ட் ஒண்டும் இல்ல, முன் விறாந்தையும் ஒரு ஓவனும்தான், அதால பேர் போடல்ல.

ரெசிபி அவட சின்னம்மாட வழியா வந்தது. சின்னம்மா டென்மார்க்ல ஹேர்னிங் பக்கம் வயசானாக்கள் இல்லத்துல வேலை செஞ்சவ, அங்க இருந்த ஒரு கிழவி தன்ட தாய்ட கொப்பியப் பாத்து எழுதிக் குடுத்ததாம்.

மெயின் ஐட்டம் வளையம், அங்க வனில்யக்ரான்ஸ எண்டு நத்தாருக்கு சுடுறது. நீல டின்னுக்குள்ள வட்டமா வரி விழுந்து ஒண்டு கிடக்குமே, அந்த டைப்தான், ஆனா இதுல அரைச்ச பாதாம் வேற இரிக்கு. 250 கிராம் மாவுக்கு 200 கிராம் பட்டர் போடுறா. எசன்ஸ் இல்ல, வனிலாக் காயப் பிளந்து கத்தி முனையால விதைய வழிச்சு, கொஞ்சம் சீனி போட்டு தேச்சு உதிர்த்தித்தான் சேக்கிறா, அந்தக் கறுப்புப் புள்ளி கடிச்ச இடத்துல தெரியும். பிழியுறது எதால எண்டு நினைக்கிறீங்க, நம்மட முறுக்கு உரல்! நட்சத்திர அச்சப் போட்டு மேசைல நீளத்துக்கு பிழிஞ்சு, விரலளவுக்கு வெட்டி, ரெண்டு முனையையும் ஒட்டிட்டா வளையம். டென்மார்க்ல இறைச்சி அரைக்கிற மெஷின்ல நட்சத்திரத் தகட்டப் பூட்டித்தான் பிழியுற பழக்கம், அதப் பாக்க உரல் எவ்வளவோ மேல்.

விலையக் கேட்டா பக்கெண்டும். கால் கிலோட காசுக்கு பேக்கரில ஒரு பை நிறைய பிஸ்கட் அள்ளலாம். மார்ஜரின் போட்டா குறையும்தானே எண்டு கேட்டன். "போட்டா எனக்கும் லாபம்தான் தம்பி, ஆனா அந்தக் கிழவி கனவுல வந்து ஏசும்" எண்டா. அவ சொல்றதும் சரிதான், பட்டர் 32-35 டிகிரிலயே உருகிரும், அதால வாய்ல வச்சதும் கரையுது, சூட்டு நாட்டுக்கெண்டு செய்யுற மார்ஜரின் அந்தச் சூட்டுல முழுசா உருகாம மேலண்ணத்துல மெழுகு மாதிரி ஒட்டும். பிரச்சினை என்னெண்டா மே, ஜூன்ல மட்டக்களப்பு மத்தியானமும் அதே சூடுதான். பிழிஞ்ச தட்ட பிரிட்ஜ்ல வச்சு நல்லா இறுகினதுக்குப் பிறகுதான் ஓவனுக்குள்ள தள்ளணும், இல்லாட்டி வளையம் பரந்து வரியெல்லாம் அழிஞ்சிரும். எனக்கு அப்பிடி ஒரு பெட்டி வந்திச்சு, கரண்ட் போய் பிரிட்ஜ் நிண்டிட்டாம். டேஸ்ட் அதேதான், பார்வைக்குத்தான் சரியில்ல, அதுக்கு காசக் குறைச்சா.

என்னக் கேட்டா வளையத்தவிட ப்ரூன்கேயர்தான் எடுக்கணும். மெல்லிசா, பிரவுண் கலர்ல, கறுவா, கராம்பு, ஏலம், தோடம்பழத் தோல் எல்லாம் போட்டது. மாவக் குழைச்சு உருட்டி நாள் கணக்கா குளிர்ல வச்சு, பிறகு கத்தியால சீவி சுடுறது, அதாலதான் வாசம் உள்ளுக்க இறங்கியிரிக்கு. டென்மார்க் சிரப்புக்குப் பதிலா கித்துள் பாணியும் பாதாமுக்குப் பதிலா கஜுவும் போடுறா, இது கிழவிக்குத் தெரியாது போல. பிளேன் டீயோட அடிச்சுக்க ஆளில்ல. ஆனா கேக்கிறாக்கள் இல்லையெண்டு மிக்ஸ் பெட்டில நாலஞ்சு மட்டும் வைக்கிறா, தனியாவும் விக்கணும் அக்கா.

குறை எண்டா பக்கிங். மெல்லிசு பிளாஸ்டிக் பெட்டி, மாரி காலத்துல ரெண்டு நாள்லயே நமத்துப் போகுது. கொண்டு போனதும் மூடி இறுகின டின்னுக்கு மாத்துங்க, நமத்தாலும் கொஞ்ச நேரம் குறைஞ்ச சூட்டுல ஓவன்ல வச்சு ஆற விட்டா திரும்ப மொறுமொறுப்பாகும். கல்முனை, அக்கரைப்பற்று ஆக்களுக்கு பஸ்ல போட்டு விடுறாதான், ஆனா ப்ரூன்கேயர் தூளாத்தான் வந்து சேரும், ஏலுமெண்டா நேர வந்து எடுங்க. வெள்ளிக்கிழமைல கோல் எடுக்காதீங்க, அவட வீட்டுல விரதம், முட்டை தொடமாட்டா.